28 டிகிரி: ஜப்பான் அரசு ஆபீஸ்ல கரண்ட் பில்ல குறைக்கப் போய் என்ன ஆச்சு

அரசு ஆபீஸ்ல கரண்ட் செலவ குறைக்கணும்னா எந்த நாடா இருந்தாலும் முதல்ல வர்றது ஒரு சர்க்குலர். ஏசிய இத்தன டிகிரிக்கு கீழ வைக்காதீங்க, ரூம விட்டு வெளிய போறப்ப லைட்ட அணைங்க, ரெண்டாவது மாடிக்கு லிஃப்ட்ல போகாதீங்க, அவ்ளோதான். மெஷின் வாங்க வேணாம், டெண்டர் வேணாம், மேலதிகாரி ஒரு கையெழுத்து போட்டா போதும். இப்படி ஒரு சர்க்குலர ஒரு நாடே வருஷக்கணக்கா விடாம பிடிச்சுட்டு இருந்தா என்ன ஆகும்னு பாக்க ஜப்பான விட நல்ல கேஸ் எனக்குத் தெரிஞ்சு இல்ல. என் முடிவ முன்னாடியே சொல்லிடுறேன்: அங்க எல்லாரும் சண்ட போட்டது ஏசி டிகிரிக்கு, ஆனா காசு மிச்சமான இடம் பெரும்பாலும் வேற.

2005 பிப்ரவரில புவி சூடாகறத தடுக்க நாடுகள் போட்டுக்கிட்ட கியோட்டோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துச்சு. 1990ல விட்ட கார்பன் அளவுல இருந்து 6 சதவீதம் குறைக்கிறோம்னு ஜப்பான் ஒத்துக்கிட்டு இருந்துச்சு, ஒப்பந்தத்துக்கே அவங்க ஊர் பேரு வேற, நழுவ முடியாது. ஃபேக்டரிங்க எல்லாம் 1973 எண்ணெய் நெருக்கடில அடி வாங்கின நாள்ல இருந்தே சிக்கனமா ஓடப் பழகியிருந்துச்சு, கூடிட்டே போனது ஆபீஸும் கடையும்தான். அப்ப சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்தவங்க யுரிகோ கொய்கே, பின்னாடி டோக்கியோ கவர்னரா ஆனாங்களே அவங்கதான். பிரதமர் கொய்சுமி. ஜூன் 1ல இருந்து கோடை முடியற வரைக்கும் அரசு ஆபீஸ்ல டை வேணாம், கோட் வேணாம், ரூம் வெப்பநிலை 28 டிகிரின்னு அறிவிச்சாங்க. மக்கள்கிட்டயே பேர் கேட்டு ‘கூல் பிஸ்’னு வச்சாங்க, பிஸ்னா பிசினஸ்.

டைக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். டோக்கியோ ஆகஸ்ட்ல 31 டிகிரி தாண்டும், கூடவே நம்ம கடலோர ஊர் மாதிரி புழுக்கம். அதுல முழு சூட் போட்டுட்டு வர்ற ஆபீசருக்கு வேர்க்காம இருக்கணும்னு ஏசிய இறக்கி வச்சிருப்பாங்க, அதே ஹால்ல மெல்லிசான ப்ளவுஸ் போட்ட பொண்ணுங்க மடில போர்வைய போட்டுட்டு டைப் பண்ணிட்டு இருப்பாங்க. அதாவது கட்டடத்த குளிரூட்டல, ஒரு டிரஸ்ஸ குளிரூட்டிட்டு இருந்தாங்க. கோட்டும் டையும் போனா உடம்புக்கு ரெண்டு டிகிரி கிட்ட கம்மியா தெரியும்ங்கிறது அவங்க அமைச்சகமே சொன்ன கணக்கு.

இதுக்கு முன்னாடியும் ஒரு தடவ முயற்சி பண்ணி கேவலமா தோத்திருக்காங்க. 1979ல ரெண்டாவது எண்ணெய் நெருக்கடி வந்தப்ப பிரதமர் ஒஹிரா, கோட்டோட கைய பாதில வெட்டின மாதிரி அரைக்கை சூட் ஒண்ண போட்டு போஸ் குடுத்தாரு, அதுக்கு ‘எரிசக்தி சிக்கன ஸ்டைல்’னு பேரு. யாரும் சீண்டல. பிற்பாடு பிரதமரா வந்த ஹதா சுதோமு மட்டும் வருஷக்கணக்கா விடாம போட்டுட்டு சுத்துனாரு, பாவம். 2005 மட்டும் ஏன் ஒட்டுச்சுன்னா, என் கணக்குல ரெண்டு காரணம். புதுசா எதையும் வாங்கச் சொல்லல, இருக்கறத கழட்டச் சொன்னாங்க. ரெண்டாவது, மேல இருக்கவன் மொத கழட்டுனான். சீனியர் டை கட்டியிருக்கப்ப ஜூனியர் கழட்டவே மாட்டான் அந்த ஊர்ல, அதனால மொத்த அமைச்சரவையும் டை இல்லாம டிவில வந்து நின்னப்பதான் கீழ இருக்கவனுக்கு தைரியம் வந்துச்சு. தெற்குத் தீவான ஒகினாவால இந்தப் பிரச்சனையே இல்ல, அங்க கரியூஷின்னு பூப்போட்ட அரைக்கை சட்டை ரொம்ப முன்னாடியே ஆபீஸ் டிரஸ்ஸா ஆகிடுச்சு. டை தயாரிக்கிறவங்கதான் வியாபாரம் போச்சேன்னு அரசாங்கத்துகிட்ட புலம்புனாங்க.

முதல் கோடைல 4.6 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சுதுன்னு அமைச்சகம் சொல்லுச்சு, பத்து லட்சம் வீடு ஒரு மாசத்துல விடற அளவு. அடுத்த வருஷம் 11.4 லட்சம் டன். ஆனா இது மீட்டர்ல படிச்ச நம்பர் இல்ல. உங்க ஆபீஸ்ல ஏசி டிகிரிய ஏத்துனாங்களான்னு ஆளுங்ககிட்ட கேட்டு, வந்த பதில நாடு முழுக்க பெருக்கி எடுத்த மதிப்பீடு. பொய்னு சொல்லல, ஆனா ஒரு கட்டடத்தோட பில்லுல எவ்ளோ குறைஞ்சுதுன்னு இதுல இருந்து ஒண்ணும் தெரியாது.

இப்ப அந்த 28 எங்க இருந்து வந்துச்சுன்னு பாப்போம், இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது. ஜப்பான்ல 1970ல கட்டடங்களோட சுகாதாரத்துக்குன்னு ஒரு சட்டம் போட்டாங்க, பெரிய கட்டடத்துல உள்ள வெப்பநிலை 17ல இருந்து 28க்குள்ள, ஈரப்பதம் 40ல இருந்து 70 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு அதுல விதி. அதாவது 28ங்கிறது இதத் தாண்டாதேங்கிற மேல் எல்லை. சிக்கனம் பண்ணணும்னு வந்தப்ப சட்டத்த மீறாம எவ்ளோ உயரம் போலாம்னு பாத்து அந்த எல்லையவே இலக்கா வச்சுட்டாங்க. ரோட்ல 80க்கு மேல போகாதேன்னு போர்டு இருந்தா எல்லாரும் 80லயே ஓட்டணும்னு ஆர்டர் போட்ட மாதிரி. 2017 மே மாசம் துணை அமைச்சர்கள் கூட்டத்துல மொரியாமா மசாஹிதோ இதப் போட்டு உடைச்சாரு. அப்ப அவரு சட்டத் துறை துணை அமைச்சர், 2005ல இதே கூல் பிஸ் வேலைய பாத்த அதிகாரி. 28ஐ அறிவியல் ஆதாரம் எதுவும் வச்சு முடிவு பண்ணல, சும்மா ஒரு குத்துமதிப்பா ஆரம்பிச்சது, அப்புறம் அது தன்னால ஓட ஆரம்பிச்சுடுச்சுங்கிற மாதிரி சொன்னாரு. பன்னெண்டு கோடைக்கு நாடு முழுக்க வேர்த்து விறுவிறுத்ததுக்கு அப்புறம்!

அதுலயும் ஒரு குழப்பம். அமைச்சகம் சொன்னது ரூமுக்குள்ள 28 இருக்கணும்னு, ஆபீஸ்ல நடந்தது ரிமோட்ல 28 வைக்கறது. ரெண்டும் ஒண்ணு இல்ல. ஏசி சென்சார் சீலிங் கிட்ட இருக்கும், இல்லன்னா ஹாலோட ஒரு ஓரத்துல, மேற்கு ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கவன் மேசைல சாயங்காலம் 30 கூட காட்டும். பெரிய கட்டடத்துல சென்ட்ரல் ஏசி, ஒரு மாடிக்கு ஒரே செட்டிங், தனியா மாத்த வழியே கிடையாது. ரூம்ல தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க, அதுக்கேத்த மாதிரி செட்டிங்க மாத்துங்கன்னு அமைச்சகம் திரும்பத் திரும்ப சொல்லுச்சு, ஆனா சர்க்குலர்ல ஒரு நம்பர் இருந்தா அந்த நம்பர் மட்டும்தான் கீழ வரைக்கும் போகும், மத்த வரியெல்லாம் வழியிலயே உதிர்ந்துடும்.

வசேதா பல்கலைக்கழகத்து தனபே ஷின்இச்சி (பேரப் பாத்து நம்மாளுன்னு நினைச்சுடாதீங்க) ஒரு கால் சென்டர்ல வருஷம் பூரா வெப்பநிலையையும் ஆளுங்க எடுத்த கால் எண்ணிக்கையையும் ஒண்ணா வச்சுப் பாத்தாரு. 25ல இருந்து 26 ஆனாலே சுமார் 2 சதவீதம் கால் குறையுது, 25ல இருந்து 28 போனா வேலை 6 சதவீதம் கிட்ட விழுது. 6 சதவீதம்னா சின்னதா தெரியும். ஆனா அமெரிக்க ரியல் எஸ்டேட்காரங்க ஒரு தோராயக் கணக்கு வச்சிருக்காங்க, ஆபீஸ்ல ஒரு சதுர அடிக்கு வருஷத்துக்கு கரண்டு தண்ணிக்கு 3 டாலர், வாடகைக்கு 30, சம்பளத்துக்கு 300. 3 டாலர்ல கொஞ்சத்த மிச்சம் பிடிக்க 300ல 6 சதவீதத்த விட்டா அது சிக்கனமா? அரசு ஆபீஸ்ல இது யார் கண்ணுக்கும் படாது, ஏன்னா கரண்ட் பில் பட்ஜெட்ல ஒரு ஹெட்ல (கணக்குத் தலைப்புல) வருது, ஓவர்டைம் வேற ஹெட்ல வருது, மெதுவா நகர்ற ஃபைலுக்கு ஹெட்டே கிடையாது.

நம்ம ஊர்க்காரங்க இதப் படிச்சுட்டு 28 நமக்கு ஏசி போட்ட மாதிரிதானேன்னு கேப்பாங்க, கரெக்ட்தான், ஆனா நமக்கு தலைக்கு மேல ஃபேன் ஓடுது. ஜப்பான் ஆபீஸ்ல சீலிங் ஃபேன் பழக்கம் கிடையாது, காத்து நகராத 28 வேற, ஃபேன் காத்தோட 28 வேற, ரெண்டுக்கும் உடம்புல ரெண்டு மூணு டிகிரி வித்தியாசம் தெரியும். நம்ம மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு பிஇஇ 2020 ஜனவரில இருந்து ரூம் ஏசி எல்லாம் ஆன் பண்ணா 24ல நிக்கணும்னு கொண்டு வந்துச்சு, ஒரு டிகிரி ஏத்துனா 6 சதவீதம் கிட்ட மிச்சம்னு அவங்க கணக்கு. 2025 ஜூன்ல ஏசிய 20ல இருந்து 28க்குள்ள மட்டும் வைக்க முடியற மாதிரி பண்ணப் போறோம்னு மத்திய மின்துறை அமைச்சர் வேற சொன்னாரு. அதே 28! ஆனா நம்ம தாலுகா ஆபீஸ் நிறைய இடத்துல தாசில்தார் ரூம தவிர ஏசியே கிடையாது, அங்க கேள்வி 75 வாட் இழுக்கற பழைய ஃபேன எடுத்துட்டு 30, 35 வாட் மட்டும் இழுக்கற புது வகை பிஎல்டிசி மோட்டார் ஃபேன் எப்ப மாட்டுவாங்கங்கிறதுதான். 40 வாட் மிச்சம், நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள்னு வச்சா ஒரு ஃபேனுக்கு 80 யூனிட். சரி, இது தனிக் கதை, ஜப்பானுக்கே வருவோம்.

2011 மார்ச் 11 நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து. டோக்கியோ பக்கம் கரண்ட் பத்தல. கோடை வந்தா கிரிட் தாங்காதுன்னு தெரிஞ்சு போச்சு, அதனால 1974க்கு அப்புறம் முதல் தடவையா சட்டப்படி மின் கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க. டோக்கியோ, தொஹோகு மின் கம்பெனி ஏரியாவுல 500 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் எடுக்கறவங்க எல்லாரும், வார நாள்ல காலை 9ல இருந்து ராத்திரி 8 வரைக்கும், போன கோடையோட உச்சத்துல இருந்து 15 சதவீதம் குறைக்கணும். வேணும்னே மீறினா 10 லட்சம் யென் வரைக்கும் அபராதம். சின்ன ஆபீஸுக்கும் வீட்டுக்கும் சட்டம் இல்ல, ஆனா இலக்கு அதே 15. கூல் பிஸ்ஸ ‘சூப்பர் கூல் பிஸ்’ ஆக்குனாங்க, போலோ சட்டை, ஹவாய் சட்டை, கேன்வாஸ் ஷூ வரைக்கும் அமைச்சக ஆளுங்களுக்கு அனுமதி. எஸ்கலேட்டர் நின்னுச்சு, லிஃப்ட்ல பாதி நின்னுச்சு, காரிடார் எல்லாம் இருட்டு.

இங்கதான் அந்த மாட்டர் வருது. வணிகம் தொழில் அமைச்சகம் ஆபீஸ்களுக்குன்னு ஒரு சிக்கனத் திட்டப் படிவம் குடுத்துச்சு, ஒவ்வொரு வேலைக்கும் எதிர்ல கட்டடத்தோட மொத்தக் கரண்ட்ல எத்தன சதவீதம் மிச்சமாகும்னு நம்பர் போட்டு. கோடை மத்தியானம் ஒரு சாதாரண ஆபீஸ்ல ஏசி 48 சதவீதம் எடுக்குது, லைட்டு 24, கம்ப்யூட்டர் பிரிண்டர் வகையறா 16. அப்ப ஏசில கை வச்சாதான் பெருசா மிச்சம் வரும்னு தோணும் இல்லையா, நம்பர் அப்படி சொல்லல. ரூம 26ல இருந்து 28க்கு ஏத்துனா மிச்சம் 4 சதவீதம். வேலை செய்யற இடத்துல லைட்டுல பாதிய கழட்டுனா 13 சதவீதம். ஆள் இல்லாத ரூம்ல லைட்ட ஒழுங்கா அணைச்சா 3, ஜன்னல்ல பிளைண்ட் இறக்கி வெயில தடுத்தா இன்னொரு 3.

நான் இத முதல்ல பாத்தப்ப நம்பர மாத்திப் போட்டுட்டாங்களோன்னு நினைச்சேன், யோசிச்சா சரியாத்தான் வருது. ரெண்டு டிகிரி ஏத்துனாலும் ஏசிக்குள்ள ஃபேனும் பம்ப்பும் ஓடிட்டேதான் இருக்கும், வெளிக்காத்துல வர்ற ஈரத்த பிழியற வேலையும் அப்படியே இருக்கும், குறையறது அந்த 48ல ஒரு பகுதி மட்டும்தான். லைட்ட பாதி கழட்டுனா அந்த 24ல பாதி அப்படியே நேரா போயிடுது, அந்தக் குழாய் லைட் விட்ட சூடும் சேந்து போகுது, அத வெளிய தள்ள ஏசி பட்ட கஷ்டமும் போகுது. அதுக்கு முன்னாடி ஜப்பான் ஆபீஸ்ல மேசைல 750 லக்ஸ் (லக்ஸ்ங்கிறது வெளிச்சத்த அளக்கற அலகு) வெளிச்சம் சாதாரணம், பேப்பர்ல கைல எழுதுன காலத்து அளவு அது. எல்லாரும் ஸ்கிரீன பாத்துட்டு இருக்கப்ப அவ்ளோ வெளிச்சம் எதுக்கு? கழட்டுனதுக்கு அப்புறம் ஆளுங்க ரெண்டு வாரம் முணுமுணுத்தாலும் பழகிட்டாங்க, நெருக்கடி முடிஞ்சும் நிறைய ஆபீஸ்ல அந்தக் குழாய திரும்ப மாட்டவே இல்ல. ஆறு வருஷமா நாடே 28க்காக சண்ட போட்டுட்டு இருந்துச்சு, மூணு மடங்கு மிச்சம் தர்ற விஷயம் அத்தன நாளும் தலைக்கு மேல எரிஞ்சுட்டு இருந்துச்சு.

டோக்கியோ மின் கம்பெனி ஏரியாவோட உச்சத் தேவை 2010 கோடைல கிட்டத்தட்ட 60,000 மெகாவாட், 2011ல சுமார் 49,200 மெகாவாட். குறைஞ்சது மட்டுமே 10,800 மெகாவாட். நம்ம தமிழ்நாட்டோட உச்சம் 2024 மேல தொட்டது 20,830, அதுல பாதிய ஒரே வருஷத்துல காணாம ஆக்கிட்டாங்க. 2011 கோடை 2010 அளவுக்கு கொளுத்தல, ஃபேக்டரி உற்பத்தியும் அடி வாங்கியிருந்துச்சு, அதையும் கழிச்சுக்கணும். ஆனா இங்க முக்கியமான வித்தியாசம், இந்தத் தடவ சர்க்குலர்ல இருந்தது டிகிரி இல்ல, கிலோவாட். எப்படியோ குறை, எதுல குறைக்கறங்கிறது உன் இஷ்டம், மீட்டர் சொல்லும்னு விட்டாங்க. அப்பதான் ஒவ்வொரு கட்டடத்துலயும் ஒருத்தன் உக்காந்து எது எவ்ளோ இழுக்குதுன்னே முதல் தடவையா பாத்தான்.

அடுத்தது ஹிமேஜி. ஹியோகோ மாநிலத்துல இருக்கற ஊர், வெள்ளைக் கோட்டைக்கு பேர் போனது. 2019 ஏப்ரல்ல மேயரா ஜெயிச்ச கியோமோதோ ஹிதேயாசு ஒரு டாக்டர். அவரு அந்த ஜூலை 16ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் நகராட்சி ஆபீஸ்ல ரூம் வெப்பநிலை 28 இல்ல, 25னு வச்சாரு. செட்டிங் இல்ல, ரூம். மத்த ஊர் அரசாங்கம் எல்லாம் சிக்கனம் சிக்கனம்னு கத்திட்டு இருக்கப்ப ஒருத்தர் மூணு டிகிரி இறக்கறாரு, எல்லாரும் என்னடா இதுன்னு பாத்தாங்க. முடிவு: கரண்ட் கேஸ் செலவு முந்தின வருஷத்த விட சுமார் 70,000 யென் கூடுச்சு, அன்னைய ரேட்டுல நம்ம காசுக்கு 45,000 ரூபாய். ஓவர்டைம் ஆளுக்கு மாசம் சராசரியா 2.9 மணி நேரம் குறைஞ்சுது, அதனால சம்பளச் செலவு சுமார் 4 கோடி யென் குறைஞ்சுது, ரெண்டரை கோடி ரூபாய்க்கு மேல. ஊழியர்கள்கிட்ட கேட்டதுல 85 சதவீதம் பேர் வேலை நல்லா நடந்துச்சுன்னு சொன்னாங்க.

இந்த நம்பர எடுத்துட்டு நிறைய பேரு ஏசிய இறக்குனா 4 கோடி லாபம்னு ஷேர் பண்ணாங்க. நான் அவ்ளோ தூரம் போக மாட்டேன். ஒப்பிட்டது 2018 கோடையோட. அந்த 2018 ஜூலைல மேற்கு ஜப்பான் பூரா பேய் மழை, வெள்ளம், ஹியோகோவுக்கும் உச்சகட்ட மழை எச்சரிக்கை விட்டாங்க, அந்த மாதிரி நேரத்துல நகராட்சி ஆளுங்களுக்கு ஓவர்டைம் எகிறத்தான் செய்யும். அதே மாசம்தான் டோக்கியோவுக்கு வடக்க இருக்கற குமகயால 41.1 டிகிரி அடிச்சு நாட்டு ரெக்கார்டு உடைஞ்சுது, அந்த மாதிரி கோடையோட ஒப்பிட்டா அடுத்த வருஷத்து ஏசி பில் கம்மியாத்தான் தெரியும். புது மேயர் வந்தா வேலை நடக்கற விதமும் கொஞ்சம் மாறும். அதனால 4 கோடிய அப்படியே எடுக்காதீங்க, பாதியா வெட்டுங்க, பத்துல ஒண்ணா கூட வெட்டுங்க, 70,000 யென்ன பத்து மடங்கா ஏத்துங்க. 40 லட்சம் ஒரு பக்கம், 7 லட்சம் ஒரு பக்கம். அப்பவும் தராசு ஒரே பக்கம்தான் சாயுது, என்னால இத தாண்டி மறுக்க முடியல.

அப்ப அரசு கட்டடத்துல எரிசக்தி செலவ குறைக்கவே கூடாதான்னா, குறைச்ச ஊரும் அங்கயே இருக்கு. டோக்கியோ மாநகர அரசு 2010 ஏப்ரல்ல ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, வருஷத்துக்கு 1,500 கிலோலிட்டர் கச்சா எண்ணெய்க்கு சமமாவோ அதுக்கு மேலயோ எரிசக்தி எடுக்கற சுமார் 1,300 பெரிய கட்டடத்துக்கும் ஃபேக்டரிக்கும், தனியார் அரசுன்னு பாக்காம, ஆளுக்கு ஒரு கார்பன் உச்ச வரம்பு. ஆபீஸ் கட்டடம்னா முதல் அஞ்சு வருஷத்துல அடிப்படை அளவுல இருந்து பெரும்பாலும் 8 சதவீதம் குறைக்கணும், முடியலன்னா அதிகமா குறைச்சவன்கிட்ட காசு குடுத்து வாங்கணும். பொறுப்புக்கு ஒரு டெக்னிக்கல் ஆள் இருக்கணும், வருஷா வருஷம் கணக்க வெளியாள் வந்து சரிபாக்கணும். 2014 நிதியாண்டு முடிவுல மொத்தமா 25 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. நிலநடுக்கத்துக்கு அப்புறம் வந்த சிக்கனமும் இதுல கலந்திருக்கு, ஆனா சென்ட்ரல் ஏசிக்கு தண்ணிய குளிராக்கற பழைய சில்லர் மெஷின மாத்துனது, தேவைக்கேத்த வேகத்துல ஓட பம்ப்புக்கு இன்வெர்ட்டர் போட்டது, குழாய் லைட்ட எல்இடியா மாத்துனதுன்னு ஒருதடவ செஞ்சா வருஷா வருஷம் தானா மிச்சமாகற வேலைங்கதான் அதோட முதுகெலும்பு. இந்தத் திட்டத்துல எந்த இடத்துலயும் யாரும் வேர்க்கணும்னு இல்ல. செலவு முன்னாடியே வருங்கிறது மட்டும்தான் கஷ்டம், ஒரு வருஷ பட்ஜெட்ட மட்டும் பாக்கற ஆபீஸுக்கு அது பெரிய கஷ்டம்தான்.

கூல் பிஸ் இன்னும் இருக்கு, நாடு முழுக்க ஒரே தேதி வைக்கறத 2021ல விட்டுட்டாங்க, அவங்கவங்க ஊர் வெயிலுக்கு ஏத்த மாதிரி பண்ணிக்கோன்னு. டை இல்லாம வர்றது இப்ப யாருக்கும் விஷயமே இல்ல, அந்த மட்டுக்கும் அது ஜெயிச்சாச்சு. 28ஐ பத்தி கேட்டா அது கட்டாயம் இல்ல, ஒரு வழிகாட்டிதான்னு அமைச்சகம் சொல்லுது. சட்டத்துல இருக்கற வெப்பநிலை வரம்ப 2022 ஏப்ரல்ல ஒரு தடவ திருத்துனாங்க, குளிர்காலத்துல ஆளுங்க உடம்புக்கு ஆகலன்னு 17ஐ 18 ஆக்குனாங்க. மேல இருக்கற 28ல கை வைக்கல.